மூன்று மணி நேரத்துக்கு ஒன்று

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு பீங்கான் சாமான் நல்லதா கெட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து யாரும் சொல்வதில்லை. கண்ணை ஏமாற்றுவது பீங்கானுக்குச் சுலபம். மேலே பூசின பளபளப்புக்கு அடியில் மயிரிழை விரிசல் ஒன்று ஒளிந்திருக்கும். வாங்கிப்போய் மெயின் போர்டில் மாட்டி மூன்றாம் மாதம் வீடு புகையும்போதுதான் அது தெரியவரும். ஆகவே தட்டிப் பார்ப்பார்கள். நல்ல சாமான் கணீரென்று பேசும். விரிசல் விட்டது டொக்கென்று வாயை மூடிக்கொள்ளும். தனக்கோடியின் கம்பெனியில் இந்தத் தட்டிப் பார்க்கும் வேலை பத்தொன்பது வருஷமாகப் பூர்ணிமாவுடையது.

ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் கோணித்துண்டு, கையில் பழைய ஸ்குரூ டிரைவரின் மரப்பிடி. ஃபியூஸ் கேரியரோ இன்சுலேட்டரோ, எதுவானாலும் அவள் தட்டிக் காது கொடுப்பாள். தேறியதற்கு அடிப்பக்கத்தில் நீலப் பெயிண்டால் ஒரு புள்ளி. தேறாததை அந்த இடத்திலேயே தரையில் போட்டு உடைத்துவிடுவாள். ஓரமாக எடுத்து வைத்து அப்புறம் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. எடுத்து வைத்தால் அது எப்படியோ கால் முளைத்து மலிவு விலைக் கூடைக்குப் போய்விடும் என்று பேட்டையில் எல்லாருக்கும் தெரியும். ஒரு தடவை அவசர ஆர்டருக்காக முதலாளி தனக்கோடியே வந்து கெஞ்சினார். பூர்ணிமா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நூற்று நாற்பது கேரியர்களை உடைத்துப் போட்டாள். அன்று முழுக்க அவர் அந்தப் பக்கமே வரவில்லை. மறுநாள் அவரே டீ வாங்கிவந்து கொடுத்தார்.

அதிலிருந்து நீலப் புள்ளி என்றால் பூர்ணிமா என்று ஆகிப்போனது. கடலூர் ரோட்டுக் கடைக்காரர்கள் சாமானைத் திருப்பிப் புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள். இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். நாற்பத்தொரு வயதில், டவுன் பஸ் கண்டக்டரின் மனைவிக்கு, ஊரே மதிக்கிற ஒரு சொல் கைவசம் இருக்கிறது என்றால் யாருக்குத்தான் வராது?

அவளுக்கு ஒரு தம்பி. கோகுலகிருஷ்ணன் என்று பெயர். பன்னிரண்டு வயது இளையவன். சென்னையில் என்ஜினியரிங் படித்து, கிடைத்த நல்ல வேலையை உதறிவிட்டு, மூன்று சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு ஸ்டார்ட்அப் ஆரம்பித்திருந்தான். ஸ்டார்ட்அப் என்றால் என்னவென்று அவள் கேட்டதற்கு, இன்னும் கம்பெனி ஆகாத கம்பெனி என்று அவள் புருஷன் பழமலைநாதன் விளக்கம் சொன்னான். கோகுல் அதற்குச் சிரிக்கவில்லை.

மார்கழிக் கடைசியில் ஊருக்கு வந்தவன் விஷயத்தைச் சொன்னான். வயரே இல்லாமல் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றுவதுதான் அவர்களுடைய திட்டம். சுவரில் ஒரு பெட்டி இருக்கும். மனிதக் காதுக்கு எட்டாத, வௌவாலுக்கு மட்டும் எட்டுகிற ஒரு சத்தம் அதிலிருந்து கிளம்பும். போனின் முதுகில் மாட்டிய உறை அந்தச் சத்தத்தின் அதிர்வை வாங்கி மின்சாரமாக மாற்றும். அறையில் எங்கே உட்கார்ந்தாலும் சரி, எங்கே படுத்தாலும் சரி, சார்ஜ் தானாக ஏறிக்கொண்டே இருக்கும். அல்ட்ராசவுண்ட் என்றான். வயிற்றுக்குள் குழந்தையைப் பார்க்கிற ஸ்கேன்தானே அது என்று பூர்ணிமா கேட்டாள். அதே வகைதான், ஆனால் காற்றில் அனுப்புகிறோம் என்றான். அவளுக்குப் பெருமையாக இருந்தது.

பெட்டிக்குள் அறுபத்து நாலு சின்ன வில்லைகள் உட்கார வேண்டும். மின்சாரம் பட்டதும் துடிக்கிற அந்த வில்லைகள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. முன்பு செய்த மாதிரிப் பெட்டியில் பிளாஸ்டிக் சட்டம் சூட்டில் நெளிந்துவிட்டதாம்; அவை அசையாமல் உட்கார, இம்மி பிசகாத பீங்கான் சட்டம் ஒன்று வேண்டும். பெரிய கம்பெனிகளில் கேட்டால் பத்துப் பன்னிரண்டுக்கெல்லாம் அச்சு வெட்ட முடியாது என்று கையை விரித்துவிட்டார்களாம். அதற்குத்தான் அக்கா வேலை செய்யும் இடத்தைத் தேடி வந்திருந்தான். எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுக் குழி. வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் கம்பெனிப் பெண்கள் அதற்குப் பணியாரச் சட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வெந்தால் சுருங்குவது பீங்கானின் குணம். எவ்வளவு சுருங்கும் என்று அனுமானித்து அச்சு வெட்டுவதற்குள் தனக்கோடிக்கு மூன்று வாரம் போய்விட்டது. சூளையில் அடுக்கி வேகவைத்த முதல் ஈடு முழுக்கக் கோணிக்கொண்டது. இரண்டாவது ஈட்டில் பன்னிரண்டு சட்டம் வந்தது. பூர்ணிமா தட்டினாள். இரண்டு டொக்கு. தம்பி எதிரே நிற்கும்போதே இரண்டையும் உடைத்தாள். மீதிப் பத்துக்கும் மூலையில் புள்ளி வைத்தாள். அவன் அந்தப் பத்தையும் கைக்குழந்தையை வாங்குகிற மாதிரி ஒவ்வொன்றாக வாங்கித் துணியில் சுற்றினான். சின்ன வயதில் அவன் பரீட்சையில் தேறியபோதெல்லாம் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் அமீனுதீனிடம் அவனை அழைத்துப் போனதும் அவள்தான். அமீனுதீன் இருபத்திரண்டு வருஷம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு வந்தவர். போன் சம்பந்தப்பட்ட எந்தப் புதுச் சாமான் வந்தாலும் அதைப் பிரித்துப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. தம்பியின் கெட்டிக்காரத்தனத்தை ஊரில் ஒரு பெரிய மனிதரிடம் காட்ட வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். கோகுல் புதுச் சட்டத்தில் வில்லைகளைப் பொருத்தி முடித்த பெட்டியைக் கடை மேஜையில் வைத்து, உறை மாட்டிய போனை ஒரு சாண் தள்ளி வைத்து ஸ்விட்சைப் போட்டான். போனில் மின்னல் குறி வந்தது. கடையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். ரீசார்ஜ் பண்ண வந்தவர்கள்கூட வீடியோ எடுத்தார்கள்.

அமீனுதீன் கை தட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இதுவரை கடையில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். ஷார்ஜாவில் அவருடைய அறையில் பன்னிரண்டு பேர். பிளக் பாயிண்ட் இரண்டே இரண்டு. யார் எப்போது சார்ஜ் போடுவது என்று சுவரில் முறை எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவர் முறை தவறிப்போனது. போன் செத்துக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் இங்கே அவருடைய அம்மா மவுத்தாகி, வீட்டிலிருந்து மாற்றி மாற்றிக் கூப்பிட்டிருக்கிறார்கள். சேதி அவருக்குத் தெரிந்தபோது அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

"அந்தப் பன்னண்டு பேரு ரூம்ல இத ஒண்ணு மாட்டுனா, பன்னண்டு போனும் ஏறுமா தம்பி?" என்று கேட்டார்.

"ஏறும்ங்க பாய்" என்றான் கோகுல்.

அந்த ஒரு வார்த்தையில்தான் பூர்ணிமாவுக்கு எங்கோ உறுத்தியது. கண்ணுக்கு முன்னால் நடந்தது ஒரு சாண். வாயால் சொன்னது ஓர் அறை. சாணுக்கும் அறைக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அத்தனை பேரும் கை தட்டியே தாண்டிவிட்டார்கள் என்று தோன்றியது. அவளுக்கு அல்ட்ராசவுண்ட் தெரியாது. ஆனால் சூளை தெரியும். அத்தனை கேஸ் எரிந்தும், அத்தனை நெருப்பு இருந்தும், பர்னருக்கு எதிர்மூலையில் அடுக்கின சாமான் அரைவேக்காடாக வருவதை அவள் நித்தம் பார்க்கிறவள். நெருப்புக்கே நாலடி தாண்டினால் மூச்சு வாங்குகிறது. காதுக்கே கேட்காத ஒரு சத்தம் பத்தடி போய்ப் பன்னிரண்டு போனுக்குப் பந்தி பரிமாறுமா? தம்பியிடம் கேட்டாள். அது வேறு, இது வேறு என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்துகொண்டான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை கோகுல் நெய்வேலியில் ஒரு சிநேகிதனைப் பார்க்கப் போனான். பெட்டி அக்கா வீட்டு அலமாரியில் இருந்தது. பூர்ணிமா அதை வெளியே எடுத்தாள். திருட்டுத்தனம் போலத்தான் இருந்தது. ஆனால் மனதில் ஒன்று விழுந்துவிட்டால் தட்டிப் பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. பத்தொன்பது வருஷத்துப் பழக்கம் ஞாயிற்றுக்கிழமை என்று லீவு எடுக்குமா என்ன?

சூளையில் வெப்பம் காட்ட மீட்டர் இருக்கிறது. இருந்தாலும் ஒவ்வோர் ஈட்டுக்கும் சாட்சி என்று சின்ன மண் வளையங்களை உள்ளே வைப்பார்கள். ஈடு வெந்ததா என்று அவற்றை எடுத்துப் பார்த்துத்தான் முடிவு. மீட்டர் என்ன சொன்னாலும் சாட்சி வேகவில்லை என்றால் ஈடு வேகவில்லை. பூர்ணிமா போனுக்கும் ஒரு சாட்சி வைத்தாள். அவளுடைய போனும் புருஷனுடைய போனும் தீபாவளி ஆஃபரில் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே மாடல். இரண்டையும் அறுபது சதவீதத்தில் நிறுத்தி, யாரும் கூப்பிட முடியாதபடி ஏரோபிளேன் மோடில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் போன் இல்லையா என்று பழமலைநாதன் முணுமுணுத்துக்கொண்டே மணிமுத்தாற்றுப் பக்கம் நடக்கப் போனான்.

முதலில் ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். அரைமணியில் இரண்டு சதவீதம் ஏறியது. வேலை செய்கிறது. பொய்யில்லை. அவளுக்குச் சிரிப்பே வந்தது. சுவரில் ஆணி அடித்துப் பெட்டியை மாட்டினாள். முகப்பில் மாட்டியிருந்த தெளிவான பிளாஸ்டிக்குக்குப் பின்னால், சட்டத்தின் மூலையில் தன்னுடைய நீலப் புள்ளி தெரிவதை அப்போதுதான் கவனித்தாள். ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுக்கொண்டாள்.

இரண்டு போனையும் மறுபடி அறுபதுக்குக் கொண்டுவந்து, உறை மாட்டியதை எதிர்ச்சுவரை ஒட்டி, பெட்டிக்கு நேராக, பத்தடி தூரத்தில் வைத்தாள். சாட்சிப் போனை அடுக்களையில் வைத்தாள். ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை அந்த அறையில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து பார்த்து, காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதினாள். நடுவில் அவள் குறுக்கே போனாலே மின்னல் குறி அணைந்துவிட்டது. பெட்டி இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. பன்னிரண்டு மணிக்குச் சாட்சிப் போன் ஐம்பத்தேழுக்கு இறங்கியிருந்தது. உறை மாட்டியது ஐம்பத்தெட்டில் நின்றது.

மத்தியானம் உறையைக் கழற்றி மற்றதற்கு மாட்டி, இடத்தையும் மாற்றி வைத்து, மறுபடி மூன்று மணி நேரம் உட்கார்ந்தாள். அதே ஒன்றுதான் வித்தியாசம். முழு ஏமாற்று வேலையாக இருந்திருந்தால்கூட அவள் மனது இவ்வளவு சங்கடப்பட்டிருக்காது. ஏமாற்றில்லை. சத்தம் போகிறது, மின்சாரம் வருகிறது, படித்த படிப்பெல்லாம் வீணில்லை. ஆனால் மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. ஒரே ஒரு போன், அதுவும் யாரும் தொடாமல், குறுக்கே யாரும் போகாமல், நேருக்கு நேர் வைத்தால். பன்னிரண்டு பேர் புரண்டு படுக்கிற அறையில் அந்த ஒன்றும் கிடைக்காது. பெட்டியைக் கழற்றித் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அமீனுதீன் கம்பெனிக்கு வந்தார். கையில் பேரீச்சம்பழ டப்பா. கம்மாபுரம் பக்கம் இருந்த மனையை விலை பேசி முன்பணம் வாங்கிவிட்டாராம். அந்தப் பணத்தோடு ஷார்ஜா சேமிப்பு மொத்தத்தையும் போட்டு, பேட்டையில் காலியாகக் கிடக்கிற ஷெட்டை எடுத்து, கோகுலின் பெட்டிகளுக்குப் பாகங்களை இங்கேயே பொருத்தி முடிக்கிற வேலையைத் தொடங்கப்போகிறார். புதன்கிழமை பத்து மணிக்கு அவர் வீட்டில் அக்ரிமெண்ட். தனக்கோடி எழுந்து கை கொடுத்தார். அமீனுதீன் பூர்ணிமாவின் நாற்காலி அருகே வந்து டப்பாவை நீட்டினார்.

"இருபத்திரண்டு வருஷக் காசும்மா. ரெண்டு நாளா தூக்கமில்ல, போடலாமா வேணாமான்னு. அப்புறம் தம்பி பெட்டியக் கொண்டாந்தப்ப உத்துப் பாத்தா முன்னாடியே ஒங்க புள்ளி இருக்குது. தம்பிகிட்ட கேட்டேன், அக்கா வச்சதான்னு. ஆமாம்னாரு. அதுக்கப்புறம்தான் மனசு நின்னுச்சு."

பூர்ணிமா பேரீச்சம்பழத்தை வாங்கிக்கொண்டாள். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். இந்த ஊரைத் தவிர வேறெங்கும் ஒரு மனிதர் இப்படி ஒரு தப்பைப் பண்ணியிருக்க மாட்டார். பீங்கான் சட்டத்தில் விரிசல் இல்லை என்பதற்கு அவள் வைத்த புள்ளியை, அந்தப் பெட்டியே தேறிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். அவர்மேல் என்ன குற்றம்? புள்ளி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஊரைப் பழக்கியது அவள்தானே. அவர் போனபிறகு ஒவ்வொரு சாமானையும் இரண்டு தடவை தட்டினாள்.

சாயங்காலம் கோகுல் வந்து ஷூவைக் கழற்றும்போதே கேட்டாள்.

"புள்ளி எதுக்கு வச்சேன்னு பாயிகிட்ட சொன்னியா?"

"அவரா நெனச்சுக்கிட்டாருக்கா. நான் ஒண்ணும் சொல்லல."

"அவரு தப்பா நெனச்சது ஒனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. சட்டத்துக்கு ரெண்டு பக்கம் இருக்குது. புள்ளி இருக்குற பக்கத்த எதுக்கு முன்னாடி வச்ச?"

அவன் ஷூவை ஓரமாகத் தள்ளினான். நாற்காலியில் உட்கார்ந்து வேறு எல்லாவற்றையும் சொன்னான். புதிதாக வருகிற எதுவும் ஆரம்பத்தில் இப்படித்தான் தத்தித் தத்தி நடக்கும். நம்பிக்கை வைத்து யாராவது பணம் போட்டால்தான் வேலை நடக்கும். வேலை நடந்தால்தான் இரண்டு வருஷத்தில் ஒரு சாண் ஓர் அறையாகும். வெளிநாட்டில் இதே யோசனைக்கு எவ்வளவோ பேர் பின்னால் நிற்கிறார்கள். சிநேகிதர்கள் மூன்று பேரும் ஆறு மாதமாகச் சம்பளம் எடுக்கவில்லை. ஒருவனுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது. பூர்ணிமா எல்லாவற்றையும் கேட்டாள். அதில் பாதி நிஜமாகவே இருக்கலாம். இரண்டு வருஷத்தில் அப்படி ஆகாது என்று அடித்துச் சொல்ல அவளுக்குப் படிப்பு இல்லை. அதுதான் அவளைப் போட்டு வாட்டியது. ஒருவேளை தம்பி பெரிய காரியம் செய்யப் பிறந்தவனோ, நாம்தான் குறுக்கே விழுகிறோமோ என்றுகூடத் தோன்றியது.

"ஒங்காதுக்கே கேக்காத சத்தம் இது. இதுல நல்லது கெட்டது ஒனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றான் அவன்.

வலித்தது. அவளிடம் இருக்கிற ஒரே சொத்து அந்தக் காது என்று தெரிந்தவன் அவன்.

"சத்தம் கேக்காதுதான். போன்ல இருக்குற நம்பரு தெரியும்ல. ஞாயித்துக்கெழம இந்தச் செவுத்துல மாட்டி மூணு மணி நேரம் பாத்தேன். ஒண்ணு ஏறுச்சு. மாத்தி வச்சும் பாத்தேன். ஒண்ணுதான்."

கோகுல் சுவரில் ஆணி அடித்த இடத்தைப் பார்த்தான். எழுந்து போய் ஆணியை விரலால் தொட்டான்.

"எனக்கும் ஒண்ணுதான் வந்துச்சு. ஐப்பசியிலயே, பழைய பிளாஸ்டிக் சட்டத்துல பாத்தப்பவே" என்றான்.

தெரியாமல் செய்திருப்பான் என்று அவள் அந்த நிமிஷம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தாள். கோபம்கூட வரவில்லை, பயமாக இருந்தது. நீயே போய்ச் சொல்லிவிடு, புதன்கிழமைக்குள் சொல்லிவிடு என்றாள். பார்க்கிறேன் என்றான். செவ்வாய்க்கிழமை முழுக்க வெளியே இருந்தான். எங்கே போனான், யாரைப் பார்த்தான் என்று அவளும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று ஒரு அச்சம். அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் உறவு போய்விட்டால் அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவளுக்கென்று பிறந்தகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அமீனுதீன் பணம் தீர்வதற்குள் பெட்டி அறை முழுக்க எட்டினாலும் எட்டிவிடும். இப்படியெல்லாம் அவள் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

புதன்கிழமை காலை தனக்கோடியிடம் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுக்கொண்டு அமீனுதீன் வீட்டுக்குப் போனாள். அவருடைய மனைவி ஜைத்தூன் பீவி வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். ஹாலில் கோகுல் உட்கார்ந்திருந்தான். டீப்பாயில் ஒரு பக்கம் பெட்டி, ஒரு பக்கம் முத்திரைத்தாள். அமீனுதீன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்திலிருந்த மலர்ச்சியைப் பார்த்ததுமே தம்பி எதுவும் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் அவளைப் பார்க்காமல் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நின்றபடியே ஞாயிற்றுக்கிழமை பார்த்ததைச் சொன்னாள். ஒரு சாண், பத்தடி, சாட்சிப் போன், மூன்று மணி நேரம், ஒன்று. சொல்லி முடித்ததும் அமீனுதீன் சிரித்தார். கூடப் பிறந்தவர்களுக்குக் கூடப் பிறந்தவர்கள் செய்கிற எதுவும் போதாதுதான் என்றார். போகப்போக ஏறும், ஷார்ஜாவில் முதலில் வந்த போன்கள் எப்படி இருந்தன என்று அவளுக்குத் தெரியாது என்றார். நம்ப ஆசைப்படுகிறவரை உண்மை மட்டும் அசைத்துவிடாது. அவரே காரணத்தையும் சொன்னார்.

"சந்தேகம் இருந்தா நீங்க புள்ளி வச்சிருப்பீங்களாம்மா?"

"அந்தப் புள்ளி சட்டத்துக்கு வச்சது பாய். பீங்கான்ல விரிசல் இல்ல, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். மெஷினுக்கு நான் வைக்கல. வைக்கவும் மாட்டேன். ஒங்க ஷார்ஜா ரூம்ல இத மாட்டியிருந்தாலும் அன்னிக்கு ஒங்க போனு செத்துத்தான் கெடந்திருக்கும்."

சொன்னபிறகுதான் எவ்வளவு கடுமையான வார்த்தை என்று அவளுக்கே உறைத்தது. அமீனுதீனின் முகம் சுருங்கிவிட்டது. ஜைத்தூன் பீவி பலகாரத் தட்டை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நெசமா தம்பி?" என்று அவர் கேட்டார்.

கோகுலுக்குப் பேசத் தெரியும். அந்த இடத்திலும் பேசியிருக்கலாம். சதவீதம் என்பது வேறு, ஆற்றல் என்பது வேறு என்று நாலு வார்த்தை இங்கிலீஷில் சொல்லியிருந்தால் அந்த ஹாலில் மறுத்துப் பேச ஆளில்லை. அவன் ஒரு தடவை அக்காவைப் பார்த்தான்.

"நெசம்தாங்க. மூணு மணி நேரத்துக்கு ஒண்ணுதான் ஏறுது."

அமீனுதீன் முத்திரைத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சத்தம் போடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அன்னிக்குக் கடையில கேட்டப்பவே இதச் சொல்லியிருந்தா, நம்ம ஊருப் புள்ள முயற்சி பண்ணுதேன்னு கொஞ்சமாவது குடுத்திருப்பேன் தம்பி" என்றார். பிறகு மனைவியிடம் இரண்டு பேருக்கும் டீ கொடுக்கச் சொன்னார். அந்த டீயைக் குடித்து முடிப்பது போலக் கஷ்டமான காரியம் பூர்ணிமாவின் வாழ்க்கையில் வேறு கிடையாது.

அன்று மத்தியானமே கோகுல் கிளம்பிவிட்டான். வீட்டில் பெட்டியைப் பிரித்து அட்டையில் அடைத்தான். சாப்பிடச் சொன்னாள், பசிக்கவில்லை என்றான். தயிர்சாதம் கட்டிக்கொடுத்தாள்; வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். வேண்டாம் என்று சொல்லாததே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள். சென்னை வண்டி எஞ்சின் ஓடிக்கொண்டு நின்றது. பெட்டியை மேலே ஏற்றிவிட்டு ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தான். அவள் கீழே நின்றாள். இனிமேல் இவன் போன் பண்ணுவானா, அடுத்த பொங்கலுக்கு வருவானா என்றுதான் அவள் மனதில் ஓடியது. சிநேகிதர்களிடம் என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்க நினைத்து, தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

வண்டி நகரப்போகிற சமயத்தில் அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"ஒன்றர வருஷமா இதத் தூக்கிக்கிட்டு எங்கெங்கயோ போயிட்டேன்க்கா. எவ்வளவோ பேரு பாத்தாங்க, கை தட்டுனாங்க, போட்டோ எடுத்தாங்க, பிரைஸுகூட ஒண்ணு குடுத்தாங்க. மூணு மணி நேரம் உக்காந்து பாத்தது நீ ஒருத்திதான்."

அதைக் கோபமாகச் சொன்னானா, வேறு எப்படியாவது சொன்னானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்பதற்குள் வண்டி திரும்பிவிட்டது. பூர்ணிமா பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் நடுவில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாதி நாள் கூலியாவது கிடைக்கட்டும் என்று கம்பெனிக்கு நடந்தாள்.